படம் பார்க்க ஆள் சேர்த்தால் தலைக்குக் கமிஷன்! அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த "டி.வி.டி. தரகு" அடங்கிப்போன கதை

வீடு பிடித்துக் கொடுத்தால் தரகு உண்டு. மாடு பிடித்துக் கொடுத்தால் தரகு உண்டு. கல்யாணம் முடித்து வைத்தாலும் தரகு உண்டு.

சினிமா பார்க்க ஆள் பிடித்துக் கொடுத்தால்?

அதற்கும் கமிஷன் கொடுத்தார்கள்! அமெரிக்காவில் 2000-ம் ஆண்டையொட்டி இது ஒரு தொழிலாகவே நடந்தது. ஆபீசில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "இந்தக் கம்பெனியில் சந்தா கட்டுங்கள், வீடு தேடிப் படம் வரும்" என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு யாராவது சேர்ந்தால், எழுதியவர் பெயருக்குப் பணம் விழுந்தது.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? உள்ளே போய்ப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

வாடகையைவிட அபராதம் பெரிது

கதை வீடியோ கடையில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் அப்போது தெருவுக்குத் தெரு வீடியோ கடை. அவற்றில் ராஜா, "பிளாக்பஸ்டர்". 1985-ம் ஆண்டு டல்லாஸ் நகரில் ஒரே கடையாக ஆரம்பித்த இந்தக் கம்பெனிக்கு 2004-ம் ஆண்டு வாக்கில் சுமார் 9 ஆயிரம் கடைகள் இருந்தன.

படத்தை வாடகைக்கு எடுத்துச் சென்றவர் குறித்த நாளில் திருப்பிக் கொடுக்காவிட்டால் அபராதம். இந்த அபராதத்தில் மட்டும் 2000-ம் ஆண்டில் அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது சுமார் 80 கோடி டாலர் என்று சொல்லப்படுகிறது!

கடைக்காரருக்குக் கொண்டாட்டம். வாடிக்கையாளருக்கு வயிற்றெரிச்சல்.

இந்த வயிற்றெரிச்சலைப் பணமாக்க வந்தவர்கள்தான் ரீட் ஹேஸ்டிங்சும், மார்க் ராண்டால்பும். இருவரும் 1997-ம் ஆண்டு கலிபோர்னியாவில் ஆரம்பித்த கம்பெனியின் பெயர், "நெட்பிளிக்ஸ்".

"அப்பல்லோ 13" படத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்து, ஹேஸ்டிங்ஸ் 40 டாலர் அபராதம் கட்டினார். அந்தக் கோபத்தில்தான் கம்பெனி பிறந்தது என்று ஒரு கதை வெகு நாட்களாக உலவியது. "அது வசதிக்காகச் சொன்ன கதை" என்று பிற்பாடு ராண்டால்பே போட்டு உடைத்துவிட்டார்!

தபால் பெட்டியில் சினிமா

பெரிய வீடியோ கேசட்டைத் தபாலில் அனுப்பினால் கட்டுப்படி ஆகாது. ஆனால் 1997-ல் அமெரிக்காவில் டி.வி.டி. வந்தது. தட்டையான தட்டு. எடையும் கிடையாது.

"உடையாமல் போய்ச் சேருமா?" என்று சந்தேகம். ஒரு பாட்டுத் தட்டை வாங்கினார்கள். வாழ்த்து அட்டை அனுப்பும் கவரில் போட்டார்கள். ஹேஸ்டிங்ஸ் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினார்கள். கீறல் கூட விழாமல் வந்து சேர்ந்தது!

1998-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி முதல் டி.வி.டி. தபாலில் போனது. அது "பீட்டில்ஜூஸ்" என்ற பேய்ப் படம். ஏப்ரல் மாதம் இணையக் கடை திறந்தது. அப்போது கையிருப்பு 925 படங்கள்.

ஆரம்பத்தில் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று வாடகை. அது எடுபடவில்லை. 1999 செப்டம்பரில் மாதச் சந்தாவுக்கு மாறினார்கள். அடுத்த ஆண்டில் ஒரே திட்டமாக அதுவே நின்றது.

மாதம் சுமார் 20 டாலர் கட்டினால் போதும். ஒரே சமயத்தில் 3 படங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றைத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். எத்தனை நாள் வைத்திருந்தாலும் அபராதம் கிடையாது. தபால் செலவும் கம்பெனியுடையது.

வேலை அவ்வளவுதான். ஆனால் ஆள் வேண்டுமே?

பெட்டிக்குள் இலவசச் சீட்டு

கடை வைத்தால் போர்டு இருக்கும். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். இணையத்தில் நடக்கும் கடையை யார் கண்டார்கள்?

அதனால் மற்றவர்கள் கடையிலேயே வலை விரித்தார்கள். புதிதாக டி.வி.டி. பெட்டி வாங்குகிறவர்தான் படத்துக்கு அலைவார் என்று கணக்குப் போட்டு, தோஷிபா போன்ற கம்பெனிகளைப் பிடித்தார்கள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு சீட்டு இருக்கும். "சில படங்கள் இலவசம்" என்று அதில் அச்சாகி இருக்கும்.

பெட்டி விற்றவருக்கும் லாபம். "படம் எங்கேப்பா கிடைக்கும்?" என்று கேட்கிறவருக்குக் கையில் பதில் கொடுத்துவிடலாம்.

இது மொத்த வியாபாரம். சில்லறை வியாபாரத்துக்கு வந்தவர்கள்தான் இணையத் தரகர்கள்.

இந்த வழியை நெட்பிளிக்ஸ் கண்டுபிடிக்கவில்லை. அமேசான் புத்தகக் கடை 1996 ஜூலையிலேயே ஆரம்பித்துவிட்டது. "உங்கள் பக்கத்தில் எங்கள் புத்தகத்தைப் பற்றி எழுதுங்கள். உங்கள் மூலம் விற்றால் நூற்றுக்கு இவ்வளவு" என்பது அதன் ஏற்பாடு. தரகரையும் கம்பெனியையும் சேர்த்து வைத்து, கணக்குப் பார்த்துப் பணம் பட்டுவாடா செய்வதற்கென்றே தனிக் கம்பெனிகள் முளைத்தன. "லிங்க்ஷேர்", "கமிஷன் ஜங்ஷன்" என்று பெயர். பெயரிலேயே கமிஷன்!

யார் அனுப்பிய ஆள் என்று எப்படித் தெரியும்?

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

தரகர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அவர் பக்கத்தில் இருக்கும் விளம்பரத்தில் அந்த எண் ஒளிந்திருக்கும். ஒருவர் அதை அழுத்தினால், அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு சின்ன அடையாளம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு "குக்கி" என்று பெயர். அமெரிக்காவில் பிஸ்கட்டுக்கும் இதே பெயர்தான்!

அன்றைக்கே சேராமல், நாலு நாள் யோசித்துவிட்டு வந்து சேர்ந்தாலும் அந்த அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும். "இவர் இன்னார் அனுப்பிய ஆள்" என்று கணக்கில் ஏறும்.

கல்யாண வீட்டில், "நான் மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர்" என்று வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எண் இருந்தால்தான் இலை!

இதுபோன்ற ஏற்பாடுகளில் நிபந்தனைகளும் பொதுவாக உண்டு. தன் எண்ணில் தானே சேர்ந்து கமிஷன் வாங்கக் கூடாது. இலவச நாட்கள் முடிவதற்குள் சேர்ந்தவர் கழன்றுகொண்டால், எழுதிய கமிஷனை அடித்துவிடுவார்கள். ஒரு குறிப்பிட்ட தொகை சேர்ந்தால்தான் செக் வரும். அதற்குள் சோர்ந்துபோய் விட்டவர்களின் சில்லறை அப்படியே நின்றுவிடும்.

கம்பெனிக்கு என்ன லாபம்?

"தூக்கிக் கொடுக்கிறார்களே, பைத்தியக்காரக் கம்பெனியா?" என்று கேட்கலாம். கம்பெனிக்காரர்கள் படு கெட்டிக்காரர்கள்.

ஒரு புதுச் சந்தாதாரரைப் பிடிக்க, விளம்பரம், இலவச நாட்கள், கமிஷன் எல்லாம் சேர்த்து அந்த ஆண்டுகளில் நெட்பிளிக்சுக்கு 30 முதல் 40 டாலர் வரை செலவு ஆனது. சந்தாவோ மாதம் சுமார் 20 டாலர். இரண்டு மாதச் சந்தாவில் அந்தப் பணம் கல்லாவுக்குத் திரும்பிவிடும்.

பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தால் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பணம் போய்விடும். தரகருக்கோ ஆள் வந்தால்தான் பணம். வராவிட்டால் அவர் எழுதியது இலவச விளம்பரம்!

2001 முடிவில் 4 லட்சத்து 56 ஆயிரம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். 2003 பிப்ரவரியில் 10 லட்சம் ஆனது. 2005 முடிவில் 40 லட்சத்தைத் தாண்டியது. 2002 மே மாதம் பங்கு மார்க்கெட்டுக்கும் கம்பெனி வந்துவிட்டது.

பென்சிலை எடுங்கள்

இனி தரகர் பக்கத்துக் கணக்கு.

தலைக்கு 10 டாலர் கமிஷன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் பேர் அவர் எழுதியதைப் படிக்கிறார்கள். 100-க்கு 3 பேர் விளம்பரத்தை அழுத்துகிறார்கள். ஆக 30 பேர். அந்த 30 பேரில் 2 பேர் கார்டு நம்பர் கொடுத்துச் சேர்கிறார்கள் என்றால், மாத வருமானம் 20 டாலர்.

அதாவது, அவருடைய சொந்தச் சந்தாவுக்குச் சரியாகப் போயிற்று!

பத்தாயிரம் பேர் படித்தால் 200 டாலர். ஒரு லட்சம் பேர் படித்தால் 2 ஆயிரம் டாலர். ஆக, ஏற்கனவே கூட்டம் வைத்திருந்தவருக்குத்தான் காசு. பட விமர்சனம் எழுதியவர்கள், தள்ளுபடிச் சீட்டுகளைத் திரட்டிக் கொடுத்தவர்கள், இந்தக் கம்பெனியையும் அந்தக் கம்பெனியையும் ஒப்பிட்டு எழுதியவர்கள் நாலு காசு பார்த்தார்கள். "நானும் ஆரம்பிக்கிறேன்" என்று இறங்கிய பலருக்குக் காப்பிச் செலவுதான் மிச்சம்.

கிடைத்ததிலும் வரி உண்டு. ஒரு கம்பெனியிடம் ஆண்டுக்கு 600 டாலர், அதற்கு மேல் வாங்கினால் கம்பெனியே வரி இலாகாவுக்கு எழுதிப் போட்டுவிடும். 2025 வரை அந்த 600 டாலர்தான் எல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒரு பாலிசி பிடித்தால், பாலிசிதாரர் பிரீமியம் கட்டக் கட்ட அவருக்கும் புதுப்பிப்புக் கமிஷன் வரும். இங்கே அது கிடையாது. சேர்த்துவிட்டபோது ஒரு தடவை. சேர்ந்தவர் பத்து வருஷம் சந்தா கட்டினாலும் அந்தப் பணம் முழுவதும் கம்பெனிக்கே.

ஆளைக் கொண்டுவந்து விட்டவர் வாசலோடு சரி!

காசு வாங்கிக்கொண்டு பாராட்டா?

காசு புழங்கும் இடத்தில் கோணல் வராமல் இருக்குமா?

2003-ல் வால்மார்ட் கம்பெனி டி.வி.டி. தபாலில் குதித்தது. 2004 ஆகஸ்டில் பிளாக்பஸ்டரும் குதித்தது. விலை யுத்தம் மூண்டது. 21 டாலர் 99 சென்ட்டாக ஏற்றிய சந்தாவை நெட்பிளிக்ஸ் அதே ஆண்டில் 17 டாலர் 99 சென்ட்டாக இறக்கியது.

"எதில் சேரலாம்?" என்று ஜனங்கள் இணையத்தில் தேடினார்கள். பதில் சொன்ன பல பேர் கமிஷன்காரர்கள்! எந்தக் கம்பெனி கூடுதலாகக் கொடுக்கிறதோ அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள ஆசை வராதா? படிப்பவருக்கோ அது நடுநிலையான விமர்சனம் போலத் தெரியும்.

கடைசியில் அரசாங்கமே தலையிட்டது. "பெடரல் டிரேடு கமிஷன்" என்ற வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பு (இது வேறு கமிஷன்!) 2009-ல் விதிகளைத் திருத்தியது. "காசோ பொருளோ வாங்கிக்கொண்டு எழுதினால் அதைப் படிப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும்" என்று உத்தரவு. அந்த ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி முதல் அது அமலுக்கு வந்தது.

திருட்டுக் குக்கி

சொல்லாமல் எழுதுவது ஒரு ரகம். ஆளே அனுப்பாமல் கமிஷன் அடிப்பது இன்னொரு ரகம்.

விளம்பரத்தை யாரும் அழுத்தவே இல்லை. ஆனால் பக்கத்தைத் திறந்தவுடன் அவருக்கே தெரியாமல் அடையாளத்தை அவர் கம்ப்யூட்டரில் திணித்துவிடுவது! பிறகு அவர் தன் இஷ்டப்படி அந்தக் கடைக்குப் போய் வாங்கினாலும், "நான் அனுப்பிய ஆள்" என்று கமிஷன் கேட்பது!

"ஈபே" என்ற ஏல இணையக் கடை இப்படிப் பல லட்சம் டாலரைக் கோட்டைவிட்டது. அதிகக் கமிஷன் வாங்கி முன்னணியில் இருந்த இரண்டு பேரே கையும் களவுமாகச் சிக்கினார்கள். 2010-ல் வழக்கு. 2014-ல் இருவருக்கும் சிறை.

கடைக்காரர் கதி என்ன?

தரகர்கள் ஒவ்வொரு ஆளாகச் சேர்க்கச் சேர்க்க, இன்னொரு பக்கம் ஒவ்வொரு கடையாக விளக்கு அணைந்தது.

2000-ம் ஆண்டில் நெட்பிளிக்ஸ்காரர்கள் பிளாக்பஸ்டர் வாசலுக்கே போனார்கள். "5 கோடி டாலர் கொடுங்கள், கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். "வேண்டாம், போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

2005-ல் பிளாக்பஸ்டர் தன் அபராதத்தை எடுத்துப் பார்த்தது. தபாலில் வந்த படத்தைக் கடையில் கொடுத்து இன்னொரு படத்தை இலவசமாக எடுத்துப் போகலாம் என்று 2006-ல் சலுகை கொடுத்துப் பார்த்தது. 2010 செப்டம்பரில் திவால் மனு போட்டது. 9 ஆயிரம் கடைகளில் 2019-ல் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஓரிகான் மாநிலத்தில், பெண்ட் என்ற ஊரில்!

மூலைக் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று தெரியும். அவரும், "அண்ணே, இதைப் பாருங்க, நல்லா இருக்கும்" என்று சிபாரிசு செய்தவர்தான். அந்தச் சிபாரிசுக்குத் தனிக் கமிஷன் கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் அவருடையவர். திரும்பத் திரும்ப அவரிடமே வந்தார்.

இணையத் தரகருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் சேர்த்துவிட்டவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது!

ஒரே ஒரு கடிதம்

அதனால்தான் கம்பெனி கையை உதறினால் தரகர் நடுத்தெருவில் நிற்கிறார்.

2011 ஜூனில் கலிபோர்னியாவில் ஒரு வரிச் சட்டம் வந்தது. மாநிலத்தில் தரகர்கள் இருந்தாலே கம்பெனி விற்பனை வரி வசூலிக்க வேண்டும் என்றது சட்டம். அமேசான் என்ன செய்தது தெரியுமா? அந்த மாநிலத்தில் இருந்த ஆயிரக்கணக்கான தரகர்களின் கணக்கை ஒரே கடிதத்தில் முடித்துவிட்டது! சில மாதங்களில் சமரசம் ஆனது என்றாலும், அதுவரை அவர்கள் பாடு திண்டாட்டம்.

நெட்பிளிக்ஸ் தரகும் அப்படித்தான் அடங்கியது. 2007 ஜனவரியில் இணையத்திலேயே படம் காட்டத் தொடங்கினார்கள். கம்பெனி பெயர் குழந்தைக்கும் தெரிந்த பிறகு அறிமுகம் செய்து வைக்க ஆள் எதற்கு? தலைக்கு இவ்வளவு என்று கொடுத்த அந்தத் தரகு ஏற்பாடு இன்று இல்லை. அமெரிக்காவில் 2020-ல் இலவச நாட்களும் நின்றன.

2023 செப்டம்பர் 29-ந் தேதி கடைசி சிவப்புக் கவர் தபாலில் போனது. 25 ஆண்டுகளில் அனுப்பிய தட்டுகள் 520 கோடிக்கு மேல்! "கடைசியாக வந்த தட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

சந்தாதாரருக்குத் தட்டாவது மிச்சம்.

உஷார்! செல்போனில் வரும் வலை

அமெரிக்காவில் நடந்தது நிஜக் கம்பெனி, நிஜப் படம், நிஜக் கமிஷன். அதே ஆசையைக் காட்டி இங்கே செல்போனில் வருவது வேறு சரக்கு.

"பகுதி நேர வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். படத்துக்கு மார்க் போட்டால் பணம். ஆள் சேர்த்தால் கமிஷன்" என்று தகவல் வரும். முதலில் 100, 200 என்று நிஜமாகவே பணம் போடுவார்கள். நம்பிக்கை வந்ததும், "பெரிய வேலை வேண்டுமானால் முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். கணக்கில் லட்சக்கணக்கில் சேர்ந்ததாகக் காட்டும். எடுக்கப் போனால், "வரி கட்டு, அபராதம் கட்டு" என்று மேலும் கறப்பார்கள். பிறகு ஆளே இருக்க மாட்டான்!

நிஜத் தரகுக்கும் மோசடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும். பணம் எந்தப் பக்கம் போகிறது?

ஆள் சேர்ப்பவர் கையிலிருந்து ஒரு ரூபாய் கேட்டாலும் அது தரகு இல்லை. பொருளே இல்லாமல், சேர்ந்தவர் கட்டிய பணத்தை எடுத்துச் சேர்த்தவருக்குக் கொடுப்பது பணச் சுழற்சி. அதை 1978-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் இதைத் தடுக்கின்றன.

"நான் ஏமாறவில்லையே, ஆள் மட்டும்தானே சேர்த்தேன்?" என்றும் தப்ப முடியாது. அந்த 1978-ம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட திட்டத்தில் ஆள் சேர்ப்பதும் குற்றம்தான். மச்சானும், சித்தப்பாவும், ஆபீஸ் சிநேகிதரும் கட்டிய பணத்துக்கு வீட்டு வாசலில் வந்து பதில் கேட்பார்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காரக் கூடாது. உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.